சந்தனமேரியின் தலை எண்ணெய்

பரிமளா டீச்சர் தன் புது வீட்டு வாசற்கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். வியாழக்கிழமை கதவு வந்து இறங்கியதைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் வேலை தொடங்கியதைச் சொல்வாள். நடுவில் வந்த வெள்ளிக்கிழமையை மட்டும், பரீட்சைக்கு வராத பக்கத்தைப் புரட்டுவது போலப் புரட்டிவிட்டுப் போய்விடுவாள். இந்தக் கதை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றியது.

திருக்கோகர்ணத்தைத் தாண்டிப் புதிதாகப் பிரித்த மனையில் வீடு. புருஷன் சரவணக்குமார் துபாயில் ஏசி மெக்கானிக். அஸ்திவாரத்திலிருந்து மாடிப்படி வரைக்கும் அவன் போனிலேயே பார்த்தான், இவள் வெயிலில் நின்று பார்த்தாள். குளத்தூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக அறிவியல் டீச்சர். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று பேர். பொய் சொல்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்றும் பேர். இந்த இரண்டு பெயரும் அவளுக்குப் பிடித்தவைதான்.

வாசலுக்கு இரட்டைக் கதவு. முழுத் தேக்கு இல்லை. உள்ளே வேறு மரம் வைத்து, மேலே தேக்கை அட்டைக் கனத்துக்குச் சீவி ஒட்டியது. வினியர் என்பார்கள். அந்தத் தேக்கின் ரேகை அடுக்கடுக்காக ஏறிப் போவதைக் கடையில் பார்த்ததுமே இவளுக்குப் பிடித்துப் போனது. பாலிஷ் போடுவதற்கு இன்னாசியை வரச் சொன்னாள். இன்னாசியும் அவர் பெண்சாதி சந்தனமேரியும் சேர்ந்தே வேலைக்குப் போகிறவர்கள். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது அவள், மேலே பூச்சு அடிப்பது அவர். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். அவர்கள் மகள் அன்புச்செல்வி பரிமளாவிடம் படித்தவள், இப்போது திருச்சியில் நர்சிங். அதனால் இன்னாசிக்கு டீச்சர் என்றால் ஒரு படி மேல்.

கதவு வந்த அன்றே இன்னாசி மூன்று துண்டு வினியரை எடுத்து வந்து வராந்தாவில் வரிசையாக வைத்தார். ஒன்றில் மெலமைன் பூச்சு அடித்திருந்தது. ஒன்றில் பளபளவென்று பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு. மூன்றாவதிலும் பி.யு. தான், ஆனால் மினுக்கு இல்லாத மேட்.

சரவணக்குமார் வீடியோ காலில் இருந்தான். "அந்தப் பளபளப்பையே போடு. கதவுல மூஞ்சி தெரியணும்."

"மூஞ்சி பாக்கக் கண்ணாடி இருக்கு," என்றாள் பரிமளா.

இன்னாசி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "சார் சொல்றது அழகாத்தான் இருக்குமுங்க. ஆனா இது மேற்குப் பாத்த வாசல். சாயங்கால வெயில் நேரா அடிக்கும். பளபளப்புல சின்னக் கீறல் விழுந்தாலும் தெருவுக்கே தெரியும். மெலமைன் உள் ரூமுக்குப் போதும், வெயில் மழைக்குத் தாங்காது."

பரிமளா வாய் வார்த்தையோடு விடுகிறவளா? சூடான டம்ளரை மூன்று துண்டின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தாள். சாவியால் கீறிப் பார்த்தாள். கடைசியில் மேட் துண்டைக் கையிலெடுத்து, "இதுல மரம் மரமா இருக்கு. இதையே போடுங்க," என்றாள். தீர்ப்புச் சொன்ன திருப்தி முகத்தில் இருந்தது. அதில் குற்றமில்லை, சரியான தீர்ப்புதான்.

புறப்படும்போது இன்னாசி ஒரு வார்த்தை சொன்னார். "ஞாயித்துக்கிழமை வாரோமுங்க. அதுவரைக்கும் கதவுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது டீச்சர். மேல இருக்குறது சும்மா தோலு. நாலு தடவ தேச்சுத் தேச்சுத் திருத்துற மரமில்ல இது. மொதத் தடவையே சரியா வந்துறணும்."

"எனக்குத் தெரியாதா இன்னாசி," என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஓட்டவும் மாட்டார்கள், திறக்கவும் மாட்டார்கள். ஸ்கூட்டிக்கு வைத்தாள், வாஷிங் மெஷினுக்கு வைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு வந்த புது மைக்ராஸ்கோப்புக்கே யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். வாசற்கதவுக்கு வைக்காமல் இருப்பாளா? ஆனால் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. பரிமளா யோசித்தாள். படித்த மூளை சும்மா இருக்குமா, உடனே வழி சொன்னது. மஞ்சள்பொடியைத் தண்ணீருக்குப் பதில் நல்லெண்ணெயில் குழைத்தாள். போர்டிகோச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு கதவுக்கும் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றி உயரத்துக்கு உள்ளங்கை நிறையப் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் புத்தி வந்தது. பூச்சு ஏறாத மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாக நின்றது. துணியை வைத்துத் துடைத்தாள், குங்குமம் வந்தது, மஞ்சள் போகவில்லை. அப்புறம் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே வெள்ளைத் துணியில் செய்து காட்டிய சோதனை. கதவு நிற்பதோ மேற்கு வெயிலுக்கு நேரே. வெள்ளியும் சனியும் வெயில் வஞ்சனையில்லாமல் அடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மஞ்சளைக் காணோம். பரிமளாவுக்குத் தன்னைத் தானே தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. மேலே தெரிந்த நிறம்தான் போனது, மரத்துக்குள் இறங்கிய மஞ்சளும் எண்ணெயும் எங்கேயும் போகவில்லை என்பதை அறிவியல் டீச்சர் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சந்தனமேரி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பகல் முழுக்கத் தேய்த்தாள். திங்கட்கிழமை இன்னாசி சீலர் அடித்தார். பி.யு. போடுவதற்கு முன்னால் மரத்தின் துவாரங்களை அடைக்கிற பூச்சு அது.

திங்கட்கிழமை சாயங்காலம் பரிமளா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இன்னாசி கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். எழுந்திருக்கவில்லை. கதவு முழுக்கச் சீலர் அழகாகப் படிந்திருக்க, உட்கார்ந்தால் நெற்றி வரும் உயரத்தில் மட்டும் பூச்சு ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக நின்றது. இரண்டு கதவிலும் அதே இடம்.

"எண்ணெய் பட்டிருக்கு டீச்சர்," என்றார் இன்னாசி. "எண்ணெய் இருந்தாத்தான் சீலர் இப்படி வெலகும். யாராச்சும் கைய வச்சாங்களா?"

இதுதான் சமயம். நான்தான் என்று சொல்லியிருந்தால் நான்கு பேர் சிரித்திருப்பார்கள், விஷயம் அத்தோடு போயிருக்கும். பரிமளாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் நான்கு நாளைக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் டம்ளருமாகச் சோதனை செய்த இடத்திலேயே நின்றுகொண்டு, கதவுக்கு எண்ணெய் பூசிக் கற்பூரம் காட்டினேன் என்று எப்படிச் சொல்வது? சரவணக்குமார் துபாய் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். நாக்கு தானாகப் புரண்டது.

"யாரு வைக்கப் போறா? கேட்டைப் பூட்டிட்டுத்தானே போறேன்," என்றாள்.

அது உண்மைதான். கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அந்த உண்மையை வைத்து எவ்வளவு பெரிய பொய்யை மூடினாள் என்பது சொன்ன மறுநிமிஷமே அவளுக்கு உறைத்தது.

இன்னாசி தலையாட்டினார். டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அப்புறம் மெதுவாகப் பெண்சாதி பக்கம் திரும்பினார். சந்தனமேரி உட்கார்ந்து தேய்த்த இடத்தைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரி, கொண்டை போட்டிருந்த தலை.

"நேத்து இதுல சாஞ்சியா?"

"நான் எங்கங்க சாஞ்சேன்?"

"ஒந்தலை வர்ற ஒசரந்தான் இது. ரெண்டு கதவுலயும் அதே ஒசரம். பன்னெண்டு வருசமா வேல பாக்குற, எண்ணெய்த் தலையோட மரத்துல சாயக்கூடாதுன்னு தெரியாதா? கண்ணசந்திருப்ப."

"அசரலைங்க," என்றாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது போல, "அசந்த மாதிரி நெனவில்லை," என்றாள்.

"டீச்சர் வீடு பூட்டிக் கெடந்துச்சுங்குறாங்க. அப்ப பேயா வந்து எண்ணெய் தடவுச்சு?"

இன்னாசி கத்துகிற மனிதர் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை. ஆனால் அடுத்தவர் வாசலில், அதுவும் டீச்சர் நிற்க, பெண்சாதியை இப்படிக் கேட்டார். சந்தனமேரி முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். கையில் சாப்பாட்டுப் பையோடு நின்ற பரிமளா, பையை உள்ளே வைத்துவிட்டு வந்து சொல்லலாம் என்று போனாள். போனவள் அவர்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் என்பது முகத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தாள், அது வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் லீவு போட்டாள். பக்கத்தில் நின்று பார் என்று சரவணக்குமார் போனில் உத்தரவு போட்டிருந்தான். சந்தனமேரி வந்தாள். தலைமுடி பஞ்சாகப் பறந்தது. எண்ணெய் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்திருக்கிறாள். அதன் மேல் இன்னாசியின் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

இன்னாசி சீலர் வாங்க டவுனுக்குப் போய்விட்டார். குழி விழுந்த இடத்தைத் பூச்சைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுப்பது அவள் வேலை. தேய்க்கக்கூடாது, மேல்தோல் போய்விடும். ஒற்றி ஒற்றி எடுத்தாள். இரண்டாவது ஒற்றுக்குத் துணி மஞ்சளானது. சந்தனமேரி துணியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு துணியை எடுத்து ஒற்றினாள், அதுவும் மஞ்சள். மூக்கில் கட்டியிருந்ததை இறக்கிவிட்டு, கதவில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள்.

நல்லெண்ணெய் வாசத்துக்கும் தேங்காயெண்ணெய் வாசத்துக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை எந்த ஊரிலும் இல்லை. அவள் திரும்பி, வாசற்படியில் நின்ற பரிமளாவைப் பார்த்தாள். பரிமளாதான் முதலில் பார்வையை எடுத்தாள்.

"தலைக்கு எண்ணெயே வைக்கலையா மேரி?" என்று கேட்டாள். கேட்ட பிறகு, இதைப் போய்க் கேட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த வேல முடியுற வரைக்கும் வைக்க வேணாம்னுட்டாரு."

"தலை வலிக்காதா?"

"வலிக்கும் டீச்சர்."

மஞ்சளான துணிகளை ஒன்றாகச் சுருட்டிக் குப்பைச் சாக்கின் அடியில் போட்டாள் சந்தனமேரி. மேலே உப்புத்தாள் துண்டுகளை அள்ளிப் போட்டாள். இன்னாசி வந்து கேட்டபோது, "எண்ணெய் வந்துருச்சுங்க," என்று மட்டும் சொன்னாள்.

பரிமளா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தான் மூடிய பொய்க்கு இன்னொருத்தி மேலும் ஒரு போர்வை போர்த்திவிட்டுப் போவதை எப்படித் தாங்குவது? சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கடினமாக இருந்தது. திங்கட்கிழமை சொல்லியிருந்தால் எண்ணெய் பூசியதை மட்டும் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் சும்மா நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு பையன் சோதனைக்குழாயை உடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றான். "உண்மையைச் சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்று வழக்கமான வாக்கியம் வாயில் வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு, கூட்டி அள்ளச் சொல்லி அனுப்பிவிட்டாள். பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள்.

கதவு என்னவோ பிரமாதமாக வந்தது. மேட் பூச்சில் தேக்கு ரேகை கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி எழுந்து நின்றது. சாயங்கால வெயில் படும்போது கண் கூசவில்லை. சரவணக்குமாரே வீடியோவில் பார்த்துவிட்டு, "பரவால்ல, ஒன் பேச்சும் சரிதான்," என்றான். பத்து நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். இப்போது, "ம்," என்றாள்.

வேலை முடிந்த அன்று இன்னாசி தூரிகைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அடுத்தாப்ல விராலிமலையில ஒரு ஓட்டல் வேலைங்க டீச்சர். முப்பது கதவு, எல்லாம் வினியரு. தேய்க்குற வேலைக்கு ராக்கன்னு ஒரு பையனைக் கூட்டிட்டுப் போறேன்."

"மேரி வரலையா?"

"வேணாமுங்க. அவளுக்கும் வயசாகுது, அசந்து போறா. முப்பது கதவுல இப்படி ஆனா என் பேரு கெட்டுப்போகும். வீட்ல இருக்கட்டும்."

சந்தனமேரி சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். பன்னிரண்டு வருஷத்து வேலை ஒரு கரண்டி நல்லெண்ணெயில் போனதைப் பரிமளா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதும் சொல்லவில்லை. அன்றைக்குத் தன்னைப் பிடிக்காமல் போனது போல அவளுக்கு வாழ்நாளில் எப்போதும் போனதில்லை.

பால் காய்ச்சிக் குடிபுகும் நாளுக்குச் சரவணக்குமார் லீவில் வந்திருந்தான். இன்னாசியையும் சந்தனமேரியையும் பரிமளாவே நேரில் போய் அழைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று கதவைத் தடவிப் பார்த்தார்கள். சரவணக்குமாரின் தங்கை சிவரஞ்சனி, "இது என்ன பாலிஷ் அண்ணி, மரம் தனியாத் தெரியுது," என்று கேட்டாள். பரிமளா, "எல்லாம் இன்னாசி வேலை," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

முதல் பந்தி சாமியானாவுக்குள் நடந்தது. இன்னாசி நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சரவணக்குமாரின் ஆட்கள். புகழ்ச்சி கேட்ட மனிதருக்குப் பேச்சு கொஞ்சம் கூடத்தான் செய்யும். "லேசுல வரலைங்க இந்தக் கதவு. எங்க வீட்டு அம்மா எண்ணெய்த் தலைய வச்சுக் கதவுல சாஞ்சுட்டா. ரெண்டு கதவும் போச்சுன்னே நெனச்சேன்." பந்தியே சிரித்தது. சரவணக்குமார் சத்தமாகச் சிரித்தான். "தலையணை கேட்டிருந்தா குடுத்திருப்போமே," என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். சாம்பார் வாளியோடு உதவிக்கு நின்ற சந்தனமேரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பரிமளாவால் பார்க்க முடியவில்லை.

கையைப் பிடித்து அவளைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மேரி, அது நான்தான். வெள்ளிக்கிழமை மஞ்சளும் நல்லெண்ணெயும் நான்தான் பூசுனேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. சொல்லாம இருந்தது அதைவிட வெக்கமா இருக்கு."

சந்தனமேரி வாளியைக் கீழே வைத்தாள். "எனக்குத்தான் தெரியுமே டீச்சர். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

பரிமளாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்தவளிடமே சொல்லிவிட்டு, பாரத்தை இறக்கிவிடலாம் என்றல்லவா வந்திருக்கிறாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் திரும்பி நடந்தாள்.

பந்தி இன்னும் முடியவில்லை. இன்னாசியின் இலைக்கு எதிரே போய் நின்றாள்.

"இன்னாசி, மேரி கதவுல சாயல. எண்ணெய் பூசுனது நான். மஞ்சளைக் குழைச்சுக் கதவுக்குப் பூசிக் கும்பிட்டேன். நீங்க கேட்டப்ப மறைச்சுட்டேன். அவளை நீங்க பேசுனப்பவும் பாத்துக்கிட்டே நின்னேன்."

சரவணக்குமார், "என்னடி சொல்ற," என்றான். சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாருடைய கண்ணும் தன் மேல் இருப்பது பரிமளாவுக்குத் தெரிந்தது. ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றியது, ஆனாலும் நின்றாள்.

இன்னாசி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். சந்தனமேரி வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"துணியில மஞ்சள் வந்துச்சுங்க. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

சந்தனமேரி அடுத்த இலைக்காரருக்குச் சாம்பார் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? டீச்சர் பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. டீச்சர் மேலயே பழி போடுறியான்னு கேட்டிருப்பீங்க."

பிசைந்த சோறு இன்னாசியின் கையிலேயே இருந்தது. அவர் அப்படித்தான் கேட்டிருப்பார் என்பது அவருக்குத் தெரிந்தது, பரிமளாவுக்கும் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக டீச்சர் சேர்த்த நல்ல பேர், சந்தனமேரி வாயைத் திறக்க முடியாமல் போட்ட பூட்டாக இருந்திருக்கிறது. வாசல் கேட்டுக்குப் போட்ட பூட்டைத்தான் பரிமளா இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழம விராலிமலைக்கு வா," என்றார் இன்னாசி, தலையைக் குனிந்தபடி. "ராக்கன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பாப்போம்," என்றாள் சந்தனமேரி. அடுத்த இலைக்குப் போனாள். பரிமளா அந்த வாளியை அவள் கையிலிருந்து வாங்கக் கையை நீட்டினாள். சந்தனமேரி கொடுக்கவில்லை. "இருக்கட்டும் டீச்சர், இந்த வரிசைய நான் முடிச்சுர்றேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வரிசை கடைசி வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனாள்.